ஓய்ந்த சர்வரின் எச்சங்கள்: நெட்வொர்க் டைரக்டரித் துப்புரவின் வரலாறு

நெட்வொர்க் டைரக்டரி என்பது ஒரு நிறுவனத்தின் கணினி வலையில் உள்ள பயனர்கள், கணினிகள், பிரின்டர்கள், குழுக்கள், அனுமதிகள் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும் பேரேடு. அந்தப் பேரேட்டின் பிரதிகளைத் தாங்கும் சர்வர்களும் அதே பேரேட்டில் பதிவாகியிருக்கும். எந்த சர்வர் எந்தக் கிளையில் இருக்கிறது, மாற்றங்களை எது எதனிடமிருந்து பெற வேண்டும், சிறப்புப் பொறுப்புகள் எதனிடம் உள்ளன என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு சர்வர் முறைப்படி விலக்கப்பட்டால் போகும்போது தன் பதிவுகளைத் தானே நீக்கிவிட்டுப் போகும். டிஸ்க் செத்தோ, மதர்போர்டு எரிந்தோ, விவரம் தெரியாத ஒருவர் ஃபார்மேட் செய்தோ அது மறைந்தால் எந்திரம் மட்டும் போகும். பதிவுகள் அப்படியே நிற்கும். மற்ற சர்வர்கள் அது இன்னும் இருப்பதாக நம்பித் தொடர்ந்து தேடிக்கொண்டிருக்கும்.

இந்த எச்சங்களை அகற்றும் வேலையை அட்மின்கள் ‘மெட்டாடேட்டா க்ளீன்அப்’ என்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியோடு பரவலான பெயர் இது. ஆனால் வேலைக்குக் காரணமான சிக்கல் அதைவிடப் பழையது. பல இடங்களில் பிரதி வைத்திருக்கும் ஏட்டில் ஒன்றைச் சேர்ப்பது எளிது, அழிப்பது கடினம். டைரக்டரிகளின் வரலாற்றில் இந்தத் துப்புரவு மாறி வந்த விதம், அந்தக் கடினத்தை எந்திரத்திடம் எவ்வளவு ஒப்படைக்கலாம், மனிதரிடம் எவ்வளவு விட வேண்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளின் தொடர்தான்.

ஒரே ஏடு, ஒரே கை

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. வலையில் உள்ள கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ‘ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட்’ என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கிய நெட்வொர்க் தகவல் மையம் அதைப் பராமரித்தது. அம்மையத்துக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபைன்லர். புதுக் கணினி வந்தால் மையத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும். பழைய கணினி போனாலும் அப்படியே. மையம் கோப்பைத் திருத்தும், மற்றவர்கள் புதுப் பிரதியை இறக்கிக்கொள்வார்கள். மூலம் ஒன்றே என்பதால் அழித்தது அழிந்ததுதான்.

கணினிகள் பெருகியபோது ஒரே கோப்பு தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ், பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். 1987-இல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 என்னும் இணையத் தர ஆவணங்கள் அதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தன. டிஎன்எஸ் பெயர்களின் பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆயினும் ஒவ்வொரு பகுதிக்கும் மூலப் பிரதி ஒன்றுதான். மற்றவை அதைப் பார்த்து எழுதிக்கொண்டவை. எனவே அழிப்பது இங்கும் பெரிய விஷயமாகவில்லை. அழிக்க மறந்தால் மட்டுமே பழைய பெயர் தங்கும்.

ஜெராக்ஸ் கண்ட சிக்கல்

எல்லாப் பிரதிகளிலும் எழுதலாம் என்ற ஏற்பாடு வந்ததும் நிலைமை மாறியது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவான ‘கிரேப்வைன்’ அமைப்பு, அஞ்சல் பயனர்களின் பதிவேட்டைப் பல சர்வர்களில் பிரதியாக வைத்தது. எந்த சர்வரில் மாற்றம் செய்தாலும் அது மற்றவற்றுக்குப் பரவும். அதன் வழியில் வந்த ‘க்ளியரிங்ஹவுஸ்’ என்னும் பெயரேடு ஜெராக்ஸின் உலகளாவிய வலை முழுவதும் பரவியது.

அங்கேதான் அழிப்பின் சிக்கல் தெளிவாகத் தெரிந்தது. அ, ஆ, இ என்று மூன்று சர்வர்கள் ஒரே ஏட்டை வைத்திருப்பதாகக் கொள்வோம். இ அணைந்திருக்கும் நேரத்தில் அ-வில் ஒரு பதிவு அழிக்கப்படுகிறது, ஆ-விலும் அழிகிறது. பிறகு இ விழிக்கிறது. தன்னிடம் இருக்கும் பதிவு மற்ற இரண்டிலும் இல்லை என்று காண்கிறது. அழிக்கப்பட்டதால் இல்லையா, இன்னும் போய்ச் சேராததால் இல்லையா என்று அதற்குத் தெரிய வழியில்லை. புதிய செய்தி என்று எண்ணி மற்ற இரண்டுக்கும் அதைக் கொடுத்துவிடும். அழித்த பதிவு உயிர்த்தெழும்.

ஆலன் டெமர்ஸ் உள்ளிட்ட ஜெராக்ஸ் ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு தீர்வை முறைப்படி எழுதியது. பதிவை வெறுமனே நீக்காமல், ‘இது அழிக்கப்பட்டது’ என்ற குறிப்பை அதன் இடத்தில் வைக்க வேண்டும். மரணச் சான்றிதழ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மற்ற மாற்றங்களைப் போலவே சான்றிதழும் சர்வருக்கு சர்வர் பரவும். பழைய பிரதியைச் சந்திக்கும் இடத்தில் அதை வீழ்த்தும். எல்லாச் சான்றிதழ்களையும் என்றென்றைக்கும் வைத்திருந்தால் ஏடு வீங்கிவிடும். ஆகவே 30 நாள் போன்ற ஒரு கெடுவுக்குப் பிறகு அவற்றை நீக்கிவிடலாம் என்றும், சில சர்வர்களில் மட்டும் உறங்கும் நிலையில் நீண்ட காலம் வைத்திருந்து, பழைய பதிவு தலைகாட்டினால் எழுப்பிவிடலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

பின்னால் வந்த பல டைரக்டரிகளுக்கு இந்த இரண்டு கருத்துகளே அடிப்படை: அழிப்பு என்பது பரப்பப்பட வேண்டிய ஒரு செய்தி; அந்தச் செய்திக்கு ஒரு கெடு உண்டு. கெடுவைத் தாண்டித் திரும்பி வரும் சர்வர்தான் ஆபத்து.

நோவெலின் இரங்கல் குறிப்புகள்

1988-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்புகள் எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரத்தை வெளியிட்டன. டைரக்டரிகளில் மரம்போல் கிளைக்கும் பெயர் அமைப்பு அதிலிருந்துதான் பரவியது. அதன் கனமான நெறிமுறையை இலகுவாக்கி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் அவரோடு இருந்தவர்களும் எல்டாப்பை உருவாக்கினர். 1993-இல் அது ஆர்எஃப்சி ஆவணமாக வந்தது. மூன்றாம் பதிப்பு 1997 டிசம்பரில் வெளியானது.

அலுவலகங்களுக்குள் டைரக்டரியைப் பரவலாகக் கொண்டுவந்தது நோவெல். அதன் நெட்வேர் 3 வரை ஒவ்வொரு சர்வரும் ‘பைண்டரி’ என்ற தனி ஏட்டை வைத்திருந்தது. ஒரு சர்வர் போனால் அதன் ஏடும் கூடவே போய்விடும். துடைக்க எதுவும் மிஞ்சாது. 1993-இல் வந்த நெட்வேர் 4, என்டிஎஸ் என்ற பொது டைரக்டரியைக் கொண்டுவந்தது. ஏடு பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பல பிரதிகள், அந்தப் பிரதிகளைத் தாங்கும் சர்வர்களின் வளையம் ஒன்று.

என்டிஎஸ் அழித்த பொருள்கள்மீது வைக்கும் குறிப்புக்கு இரங்கல் குறிப்பு என்று பெயர். அது படிப்படியாக நகரும்: முதலில் வெளியிடப்படும், பிறகு வளையத்தில் உள்ள எல்லாருக்கும் அறிவிக்கப்படும், பிறகு துடைக்கலாம் என்ற ஒப்புதல் சேரும், கடைசியில் துடைக்கப்படும். ஜெராக்ஸின் கெடு முறையைப் போலன்றி, இது எல்லாருடைய பதிலுக்கும் காத்திருக்கும் முறை. வளையத்தில் ஒரு சர்வர் நிரந்தரமாக மறைந்துவிட்டால் பதில் வராது. குறிப்புகள் ஒரே நிலையில் சிக்கி நிற்கும். பிரதிகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் முடியாமல் போகும்.

இதற்கு மருந்து டிஎஸ்ரிப்பேர் என்ற கருவி. மூலப் பிரதி உள்ள சர்வரில் அதைச் சிறப்புச் சுவிட்சுடன் இயக்கி, செத்த சர்வரை வளையத்திலிருந்து கையால் நீக்க வேண்டும். நீக்கியதும் மற்றவை அதன் பதிலுக்குக் காத்திருப்பதை நிறுத்தும். சிக்கிய குறிப்புகள் நகரும். தவறான சர்வரை நீக்கிவிட்டால் பிரதிகள் ஒன்றோடொன்று பேசாமல் போகும் என்பதால்தான் அந்த வசதி சாதாரண மெனுவில் வைக்கப்படவில்லை.

என்டி காலம்

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டியில் ஒரே கணக்கு ஏட்டைப் பகிரும் கணினிக் கூட்டங்களான டொமைன்கள் அப்போது பழைய ஒற்றை மூல முறையிலேயே இருந்தன. டொமைனுக்கு அந்த ஏட்டைத் தாங்கும் முதன்மைக் கன்ட்ரோலர் ஒன்று. மற்றவை துணைக் கன்ட்ரோலர்கள். எழுதும் உரிமை முதன்மையிடம் மட்டும். துணை ஒன்று செத்தால் சர்வர் மேனேஜரில் அதன் கணக்கை நீக்கினால் போதும். முதன்மை செத்தால் துணைகளில் ஒன்றை உயர்த்த வேண்டும். இந்த எளிமைக்கு விலையும் இருந்தது: நிறுவும்போது தேர்ந்த பாத்திரத்தைப் பிறகு மாற்ற முடியாது. கன்ட்ரோலராக நிறுவிய எந்திரம் சாதாரண சர்வராக வேண்டுமென்றால் இயங்குதளத்தையே மறுபடி நிறுவ வேண்டும்.

ஆக்டிவ் டைரக்டரி வந்தபோது

2000 பிப்ரவரி 17 அன்று வெளியான விண்டோஸ் 2000, இந்த ஏற்பாட்டை முழுவதும் மாற்றியது. ஆக்டிவ் டைரக்டரியில் எல்லா டொமைன் கன்ட்ரோலரும் எழுதலாம். டிசிப்ரோமோ என்ற ஒரே கட்டளையால் சாதாரண சர்வரைக் கன்ட்ரோலராக உயர்த்தலாம், அதே கட்டளையால் கீழே இறக்கலாம். என்டியின் மறுநிறுவல் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஒரு கன்ட்ரோலர் டைரக்டரியில் விட்டுவைக்கும் தடங்கள் பன்மடங்காயின.

அந்தத் தடங்கள் ஒரே இடத்தில் இல்லை. முதலாவது, ‘டொமைன் கன்ட்ரோலர்ஸ்’ பிரிவில் அதன் கணினிக் கணக்கு. இரண்டாவது, டொமைன்கள் சேர்ந்த ‘காடு’ முழுவதற்கும் பொதுவான ‘கான்ஃபிகரேஷன்’ பகுதியில், அது சேர்ந்த சைட்டின் (கிளை இடத்தின்) கீழே ஒரு சர்வர் பொருளும் அதற்கு அடியில் ‘என்டிடிஎஸ் செட்டிங்ஸ்’ என்ற பொருளும். ஒரு எந்திரத்தைக் கன்ட்ரோலர் ஆக்குவது உண்மையில் இந்தக் கடைசிப் பொருள்தான். மாற்றங்களைப் பிரதிகளுக்கிடையே பரப்பும் ரெப்ளிகேஷனுக்கான இணைப்புகள் அதன் கீழே தொங்கும்; சிறப்புப் பொறுப்புகள் அதைச் சுட்டும்; அதன் தனி அடையாள எண்ணை வைத்துத்தான் கூட்டாளிகள் அதைக் கண்டுபிடிக்கும். மூன்றாவது, கன்ட்ரோலர்கள் பகிரும் சிஸ்வால் கோப்புறையைப் பிரதியெடுக்கும் சேவையின் உறுப்பினர் பதிவு. நான்காவது, டிஎன்எஸ் பதிவுகள்: எந்திரத்தின் பெயருக்கு ஒன்று, டொமைனின் பெயருக்கே ஒன்று, அடையாள எண்ணுக்கு ஒன்று, எல்டாப், கெர்பரோஸ் போன்ற சேவைகளை அறிவிக்கும் எஸ்ஆர்வி பதிவுகள் பல.

இவற்றைப் பார்த்து முடிவெடுக்கும் எந்திர ஊழியர் ஒருவரும் உண்டு. கேசிசி என்று சுருக்கிச் சொல்லப்படும் நிரல் ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, கான்ஃபிகரேஷன் பகுதியில் உள்ள என்டிடிஎஸ் செட்டிங்ஸ் பொருள்களைப் படித்து, எது எதனோடு ரெப்ளிகேஷன் செய்ய வேண்டும் என்று வரைபடம் போடும். எந்திரத்தைத் தொட்டுப் பார்க்க அதற்கு வழியில்லை. ஏடுதான் அதற்கு ஆதாரம். செத்த சர்வரின் பொருள் நிற்கும்வரை அதையும் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும். கூட்டாளி பதில் தராததைக் கண்டு மாற்று வழி போட அதற்குத் தெரியும், ஆனால் அந்தக் கூட்டாளி இனி வரவே வராது என்று தானாகத் தீர்மானிக்க அதற்கு அதிகாரமில்லை.

என்டிடிஎஸ்யுடில்: கையால் செய்த துப்புரவு

முறையான இறக்கம் தோற்பதற்குப் பல காரணங்கள் இருந்தன. டிசிப்ரோமோ வேறொரு கன்ட்ரோலரோடு பேசித்தான் தன் பதிவுகளை நீக்க முடியும். நெட்வொர்க் தடை, டிஎன்எஸ் கோளாறு, நேரப் பிசகு, பழுதான ரெப்ளிகேஷன் இவற்றில் ஏதாவது ஒன்று குறுக்கிட்டால் இறக்கம் பாதியில் நிற்கும். பிறகு அட்மினுக்கு எந்திரத்தை அழித்து மறுபடி நிறுவுவது தவிர வழியில்லை. விண்டோஸ் 2000-இன் நான்காம் சர்வீஸ் பேக்கும் விண்டோஸ் சர்வர் 2003-உம் டிசிப்ரோமோவில் வலுக்கட்டாய இறக்கம் என்ற வசதியைச் சேர்த்தன. அது அந்த எந்திரத்தில் மட்டும் டைரக்டரியைக் கழற்றும், வேறு யாருக்கும் சொல்லாது. எச்சங்களைத் துடைக்கும் வேலை மற்றவர்கள் பக்கமே விழுந்தது.

அந்த வேலைக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த கருவி என்டிடிஎஸ்யுடில். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி இயக்க வேண்டிய அதில் படிகள் நீளமானவை. முதலில் மெட்டாடேட்டா க்ளீன்அப் பிரிவுக்குள் நுழைய வேண்டும். பிறகு உயிரோடுள்ள ஒரு கன்ட்ரோலரோடு இணைய வேண்டும். பிறகு டொமைன்களைப் பட்டியலிட்டு எண்ணால் ஒன்றைத் தேர வேண்டும், அதேபோல் சைட்டை, அதேபோல் அந்த சைட்டில் உள்ள சர்வரை. பட்டியல்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். ஓர் எண் பிசகினால் உயிரோடுள்ள சர்வரின்மீது கத்தி விழும். கடைசியில் நீக்கும் கட்டளை தந்து, வரும் எச்சரிக்கைப் பெட்டியில் ஆம் என்று சொல்ல வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. விண்டோஸ் 2000 காலத்து என்டிடிஎஸ்யுடில், என்டிடிஎஸ் செட்டிங்ஸ் பொருளை நீக்குவதோடு நின்றுகொள்ளும். கணினிக் கணக்கையும் சிஸ்வால் உறுப்பினர் பதிவையும் ஏடிஎஸ்ஐ எடிட் என்ற வேறொரு கருவியில் தேடி அழிக்க வேண்டும். டிஎன்எஸ் பதிவுகளை டிஎன்எஸ் கன்சோலில் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து நீக்க வேண்டும். செத்தது ஒரு கிளை டொமைனின் கடைசிக் கன்ட்ரோலர் என்றால் அந்த டொமைனுக்கான நம்பிக்கைப் பொருளையும் நீக்க வேண்டும். கடைசியாக சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் கன்சோலில் வெறும் கூடாக நிற்கும் சர்வர் பொருளையும் அகற்ற வேண்டும். இந்தப் படிகளைத் தொகுத்துச் சொன்ன மைக்ரோசாஃப்டின் 216498 எண் கொண்ட உதவிக் கட்டுரை பல ஆண்டுகள் அட்மின்களின் கைப்பிரதியாக இருந்தது.

செத்தவர் கையில் சாவி

எச்சங்களுள் மிகவும் சிக்கலானவை சிறப்புப் பொறுப்புகள். எல்லாரும் எழுதலாம் என்ற ஏற்பாட்டிலும் சில வேலைகளை ஒருவர்தான் செய்ய முடியும். அப்படிப்பட்ட ஐந்து பொறுப்புகளை ஆக்டிவ் டைரக்டரி வகுத்தது. ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர் இரண்டும் காட்டுக்கு ஒன்று. பிடிசி எமுலேட்டர், ரிட் மாஸ்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர் மூன்றும் டொமைனுக்கு ஒன்று. பொறுப்பு வைத்திருந்த சர்வர் செத்தால், உயிரோடுள்ள ஒன்று அதைப் பறித்துக்கொள்ள வேண்டும்.

ரிட் மாஸ்டரைப் பறிப்பது இவற்றில் மிக நுட்பமானது. புதுக் கணக்குகளுக்கான பாதுகாப்பு எண்களை ரிட் மாஸ்டர் 500, 500-ஆகப் பிரித்து மற்ற கன்ட்ரோலர்களுக்குக் கொடுக்கிறது. பறிக்கப்பட்ட பிறகு பழைய மாஸ்டர் திரும்பி வந்து, தானே மாஸ்டர் என்று எண்ணி எண்களைக் கொடுக்கத் தொடங்கினால் இரண்டு கணக்குகளுக்கு ஒரே எண் விழலாம். ஆகவேதான், பறிக்கப்பட்ட பொறுப்பை வைத்திருந்த சர்வரை அப்படியே மறுபடி வலையில் இணைக்கக் கூடாது என்ற விதி வந்தது.

இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பொறுப்பில் யாரும் எதிர்பாராத ஒரு எச்சமும் வெளிப்பட்டது. விண்டோஸ் சர்வர் 2003-இல் டிஎன்எஸ் தரவுக்காகத் தனிப் பகுதிகள் உருவானபோது, அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர் குறிக்கப்பட்டது. அன்றாடம் யாரும் அதைப் பார்ப்பதில்லை. வழக்கமான கன்சோல்களிலும் அது தெரியாது. அந்த சர்வர் செத்து அதன் பொருள் நீக்கப்பட்டதும், அப்பகுதிகளின் பொறுப்புப் புலம் அழிந்த பொருளையே சுட்டியபடி நின்றது. சில ஆண்டுகள் கழித்து, படிக்க மட்டும் உரிமையுள்ள கன்ட்ரோலர்களைச் சேர்ப்பதற்காக விண்டோஸ் சர்வர் 2008 கொண்டுவந்த தயாரிப்புக் கட்டளையை இயக்கியபோது பல நிறுவனங்களில் அது பிழை காட்டி நின்றது. பிழைச் செய்தியைத் துருவிய அட்மின்கள், நீக்கம் என்ற குறி தாங்கிய பழைய சர்வரின் பெயரை அதில் கண்டார்கள். புலத்தைக் கையால் திருத்தவோ ஸ்கிரிப்ட் மூலம் மாற்றவோ வேண்டியிருந்தது.

கெடுவும் திரும்பி வருபவர்களும்

ஜெராக்ஸின் மரணச் சான்றிதழ் ஆக்டிவ் டைரக்டரியில் டூம்ஸ்டோன் ஆனது. அழிக்கப்பட்ட பொருள் உடனே மறையாது. பெரும்பாலான பண்புகள் உதிர்ந்து, பெயரோடு நீக்கக் குறியும் அடையாள எண்ணும் ஒட்டி, ஒரு கெடுவரை தங்கும். விண்டோஸ் 2000-இல் அந்தக் கெடு 60 நாள். விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்கோடு புதிதாக அமைக்கும் காடுகளுக்கு 180 நாள் ஆனது. பழைய காடுகள் மேம்படுத்தப்பட்டாலும் தங்கள் 60 நாளையே வைத்துக்கொண்டன.

கெடு முடிவதற்குள் திரும்பும் சர்வர், அழிப்புச் செய்தியைப் பெற்றுத் தன் பிரதியைத் திருத்திக்கொள்ளும். கெடு கடந்து திரும்புவதற்கு அந்தச் செய்தி எங்குமே இருக்காது. அதனிடம் உள்ள பழைய பொருள்கள் வேறெங்கும் இல்லாத ஒட்டுப்பொருள்களாக நிற்கும். அவற்றில் யாராவது ஒரு பண்பை மாற்றிவிட்டால் மற்ற கன்ட்ரோலர்களுக்கும் பரவ முயலும். விட்டுப்போன ஊழியரின் கணக்கு மீண்டும் தலைகாட்டுவது இப்படித்தான். இதைத் தடுக்க, தனக்குத் தெரியாத பொருளுக்கான மாற்றம் வந்தால் அந்தக் கூட்டாளியிடமிருந்து வாங்குவதையே நிறுத்திவிடும் கண்டிப்பான நிலை வந்தது. விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் அது புதிய காடுகளுக்கு இயல்பாயிற்று. கெடு கடந்த கூட்டாளியோடு பேச மறுக்கும் 2042 எண் கொண்ட நிகழ்வுக் குறிப்பும், ஒட்டுப்பொருள்களைத் தேடி நீக்கும் ரெப்அட்மின் கட்டளையும் அதே காலத்தவை.

இந்த ஆபத்து துப்புரவுக்கு ஒரு விதியையும் தந்தது: நீண்ட நாள் அணைந்திருந்த கன்ட்ரோலரைத் திரும்ப எழுப்புவதைவிட, அதைச் செத்ததாக அறிவித்துப் பதிவுகளைத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி மறுபடி உயர்த்துவதே பாதுகாப்பு. துப்புரவு முழுவதும் முடிந்து எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் பரவிய பிறகே அதே பெயரில் புது சர்வரைக் கொண்டுவர வேண்டும்.

கருவி கற்றுக்கொண்டது

2005-இல் வந்த விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக், என்டிடிஎஸ்யுடிலைத் திருத்தியது. சர்வரை நீக்கும்போது சிஸ்வாலுக்கான கோப்புப் பிரதிச் சேவையின் பதிவுகளையும் அதுவே நீக்கியது. செத்த சர்வரிடம் சிறப்புப் பொறுப்புகள் இருந்தால் அவற்றை மாற்றவோ பறிக்கவோ முயன்றது.

விண்டோஸ் சர்வர் 2008-இல் இன்னும் பெரிய மாற்றம். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சாதாரண கன்சோலிலேயே செத்த கன்ட்ரோலரின் கணக்கை வலச்சொடுக்கி நீக்கலாம். அப்போது ஒரு பெட்டி எழும்: இந்தக் கன்ட்ரோலர் நிரந்தரமாக அணைந்துவிட்டது, இனி இதை முறைப்படி இறக்க முடியாது என்ற வாசகத்துக்கு நேரே குறியிடச் சொல்லும். குறியிட்டால் என்டிடிஎஸ் செட்டிங்ஸ் பொருளும் அதனோடு தொங்குபவையும் பின்னணியில் நீங்கும். முன்பு பல திரைகளில் செய்த வேலை சில சொடுக்குகளில் அடங்கியது.

அப்படியும் சில எச்சங்கள் வேண்டுமென்றே விடப்பட்டன. சைட்டின் கீழுள்ள சர்வர் பொருள் தானாக நீங்குவதில்லை. வேறு மென்பொருள்களும் அதன் அடியில் தங்கள் பொருள்களை வைக்கக்கூடும் என்பதே காரணம். அது வெறுமையாக இருப்பதைப் பார்த்து அட்மின்தான் நீக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012-இல் டிசிப்ரோமோ விலக்கப்பட்டு, உயர்த்துவதும் இறக்குவதும் சர்வர் மேனேஜருக்கும் பவர்ஷெல்லுக்கும் போயின. துப்புரவின் முறை பெரிதும் மாறவில்லை. மெய்நிகர் எந்திரங்களின் பழைய நகலை மீட்கும்போது நேரும் குழப்பத்தைக் கண்டுகொள்ளும் ஏற்பாடும் அதே பதிப்பில் வந்தது. மூலையில் கிடக்கும் பழைய எந்திரம் ஒன்றைத் திரும்ப இயக்குவதைவிட, மெய்நிகர் எந்திரத்தின் பழைய நகலை எழுப்புவது மிக எளிது என்பதால் அந்தப் பாதுகாப்பு அவசியமாயிற்று.

டிஎன்எஸ்ஸில் தங்கும் பெயர்கள்

டைரக்டரிப் பொருள்கள் நீங்கிய பிறகும் நீண்ட நாள் நிற்பவை டிஎன்எஸ் பதிவுகள். சேவைகளை அறிவிக்கும் எஸ்ஆர்வி வகை 1996-இல் சோதனை நிலையில் வெளியாகி, 2000-இல் ஆர்எஃப்சி 2782 ஆகத் திருத்தம் பெற்றது. கணினிகள் தாமே பதிவுகளை எழுதிக்கொள்ளும் முறையை 1997-இன் ஆர்எஃப்சி 2136 வகுத்தது. இவ்விரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு கன்ட்ரோலரின் நெட்லோகன் சேவையும் தன் பதிவுகளைத் தானே எழுதிப் புதுப்பிக்கும்படி விண்டோஸ் அமைந்தது. தானே எழுதியதைத் தானே நீக்க, செத்த சர்வருக்கு வழியில்லை.

காலாவதியான பதிவுகளைத் துடைக்க ‘ஸ்காவெஞ்சிங்’ என்ற ஏற்பாடு உண்டு. பதிவின் கடைசிப் புதுப்பிப்பிலிருந்து 7 நாள் புதுப்பிக்க முடியாத காலம், அடுத்த 7 நாள் புதுப்பிக்க வேண்டிய காலம். இரண்டும் கடந்தால் பதிவு துடைப்புக்கு உரியது. ஆனால் இது இயல்பாக இயங்காது, அட்மின் இயக்க வேண்டும். கையால் எழுதிய பதிவுகளுக்கு நாள்குறி கிடையாது, எனவே அவற்றை இது தொடாது. பெயர் சர்வர் பட்டியலையும் கையால்தான் திருத்த வேண்டும்.

விண்டோஸ் கணினிகள் செத்த கன்ட்ரோலர் பதில் தராவிட்டால் அடுத்ததைத் தேடிக்கொள்ளும். பயனருக்குச் சற்றுத் தாமதம் மட்டும் தெரியும். டொமைன் பெயரையே முகவரியாகக் கொண்டு எல்டாப் பேசும் பிற மென்பொருள்களுக்கு அந்த நுணுக்கம் இருப்பதில்லை. முகவரிப் பட்டியலில் செத்த எண் முதலில் வந்தால் உள்நுழைவு தோற்கும், வேறொன்று வந்தால் வெல்லும். எப்போதாவது மட்டும் வரும் இந்தப் பிழைக்குக் காரணம் பல மாதம் முன்பு போன சர்வரின் ஒரே ஒரு பதிவு என்பது எளிதில் பிடிபடுவதில்லை.

மற்ற டைரக்டரிகளில்

இதே துப்புரவு மற்ற டைரக்டரிகளிலும் உருவானது. 2012 டிசம்பரில் வெளியான சம்பா 4, விண்டோஸ் இல்லாமலே ஆக்டிவ் டைரக்டரிக் கன்ட்ரோலராக இயங்கியது. அதன் கட்டளைக் கருவியிலும் செத்த மற்றொரு சர்வரை நீக்குவதற்கென்றே ஒரு தெரிவு பின்னர் சேர்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக எல்டாப் சர்வரின் வழியில் நெட்ஸ்கேப்புக்கும், அங்கிருந்து ரெட் ஹேட்டுக்கும் வந்த 389 டைரக்டரி சர்வரில் வடிவம் வேறு. அங்கே ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் உண்டு. யாருடைய மாற்றம் எதுவரை வந்து சேர்ந்தது என்ற கணக்கில் அந்த எண் எல்லாப் பிரதிகளிலும் பதிந்திருக்கும். ஓய்ந்த பிரதியின் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்க, எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே நேரத்தில் பரவும் தனிப் பணி ஒன்று வகுக்கப்பட்டது. எல்லாரும் இணைந்திருந்து ஒப்புக்கொள்ளும்வரை அது காத்திருக்கும், வேண்டுமானால் வலுக்கட்டாயமாகவும் முடிக்கலாம். நோவெலின் காத்திருப்பும் மைக்ரோசாஃப்டின் கட்டாயமும் இங்கே ஒரே பணியின் இரண்டு தெரிவுகளாயின.

இந்தப் பதிவுகளுக்கு உள்ள வலிமையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எதிர்த்திசையிலிருந்து காட்டினார்கள். 2018-இல் பெஞ்சமின் டெல்பி, வின்சென்ட் லெ டூ இருவரும் டிசிஷேடோ என்ற தாக்குதல் முறையை வெளியிட்டனர். உயர் அதிகாரம் கைப்பற்றிய ஒருவர், கன்ட்ரோலரே அல்லாத ஓர் எந்திரத்துக்கு சர்வர் பொருளும் என்டிடிஎஸ் செட்டிங்ஸ் பொருளும் சிறிது நேரம் எழுதி, அதன் வழியாகத் தன் மாற்றங்களை ரெப்ளிகேஷனில் செலுத்தி, பிறகு பதிவுகளை நீக்கிவிடலாம். அதற்குப் பிறகு, கான்ஃபிகரேஷன் பகுதியில் எந்த சர்வர் பொருள் தோன்றுகிறது, எது மறைகிறது என்று கண்காணிப்பது பாதுகாப்புப் பணியாகவும் ஆனது. பயனற்ற எச்சங்கள் நிறைந்த ஏட்டில் போலிப் பதிவை அடையாளம் காண்பது கடினம். துப்புரவுக்கு இது மேலும் ஒரு காரணம்.

இன்றைய நடைமுறை

இன்று ஒரு கன்ட்ரோலர் செத்தால் வேலை ஏறத்தாழ ஒரே வரிசையில் நடக்கிறது. முதலில் அது உண்மையிலேயே திரும்பாது என்று உறுதிசெய்வது. அதனிடம் சிறப்புப் பொறுப்புகள் இருந்தால் உயிரோடுள்ள கன்ட்ரோலருக்குப் பறிப்பது. கணினிக் கணக்கை கன்சோலில் நீக்கித் துப்புரவைத் தொடங்குவது. கன்சோல் மறுத்தால் என்டிடிஎஸ்யுடிலுக்குப் போவது. சைட்டின் கீழுள்ள வெற்று சர்வர் பொருளை அகற்றுவது. டிஎன்எஸ்ஸில் பெயர், அடையாள எண், எஸ்ஆர்வி, பெயர் சர்வர் பதிவுகளைப் பார்த்து மிஞ்சியதை நீக்குவது. டிஎன்எஸ் பகுதிகளின் பொறுப்புப் புலம் அழிந்த சர்வரைச் சுட்டுகிறதா என்று சோதிப்பது. அந்த எந்திரத்தை டிஎன்எஸ் சர்வராகக் குறித்திருந்த பயனர் கணினிகள், டிஎச்சிபி அமைப்புகள், மென்பொருள்கள் ஆகியவற்றைத் திருத்துவது. கடைசியில் ரெப்அட்மின், டிசிடியாக் ஆகிய கருவிகளால் எல்லாக் கன்ட்ரோலர்களிலும் ரெப்ளிகேஷனைச் சரிபார்ப்பது.

இந்த வரிசையில் பெரும்பாலான படிகளைக் கருவிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. முதல் படி மட்டும் மனிதரிடமே இருக்கிறது. தொலைவிலுள்ள சர்வர் பதில் தராததை வைத்து, அது செத்ததா, வழிதான் அறுந்ததா என்று எந்த டைரக்டரியாலும் பிரித்தறிய முடியாது. வழி அறுந்த சர்வரைச் செத்ததாக எண்ணித் தானாகத் துடைத்துவிட்டால், கிளை அலுவலகத்தின் இணைப்பு சில நாள் போனதற்காகவே ஒரு கன்ட்ரோலரை இழக்க நேரும். டிஎஸ்ரிப்பேரின் சிறப்புச் சுவிட்ச், என்டிடிஎஸ்யுடிலின் எச்சரிக்கை, 2008 கன்சோலின் குறிப்பெட்டி ஆகியவை அந்தத் தீர்ப்பை அட்மினிடம் கேட்டுப் பெறும் வெவ்வேறு வடிவங்கள்.